சில்லுப் பூட்டிய குசினி

2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஸ்காபரோவில் உள்ள மகளின் வீட்டு வரவேற்பறையில் கால் வைக்க இடமிருக்கவில்லை. நிலமெங்கும் அட்டைப்பெட்டிகள். மருமகன் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் விமானத்தில் கல்கரிக்குப் போய், அங்கே ஓர் 'ஆர்.வி.'யை வாடகைக்கு எடுத்து, பன்ஃப், ஜாஸ்பர் தேசியப் பூங்காக்களைப் பத்து நாள்கள் சுற்றிப் பார்ப்பதாக ஏற்பாடு. படுக்கை, கழிப்பறை, குளிக்கும் இடம், குசினி அனைத்தையும் ஒரு லொறியின் முதுகில் ஏற்றி வைத்த வீடு என்று ஆர்.வி.யைச் சொல்லலாம். வட அமெரிக்காவில் இளைப்பாறியவர்களும் குழந்தைகளுள்ள குடும்பங்களும் அதில் ஊர் சுற்றுவது வழக்கம். எங்கள் பிள்ளைகளும் அதைப் பழகிக்கொண்டுவிட்டார்கள்.

பெட்டிகளுக்குள் இருந்தவை வருமாறு: மடித்தால் தட்டையாகிவிடும் சிலிக்கோன் கேத்தில், அதே வகையில் ஒரு சட்டி, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ஐந்து உலோகச் சட்டிகள், அவை ஐந்துக்கும் பொதுவாகக் கழற்றிப் பூட்டும் ஒரு கைபிடி, மடிக்கும் வடிதட்டு, காந்தத்தில் ஒட்டி நிற்கும் கத்திகள், கைப்பெட்டி போன்ற ஓர் ஒற்றை அடுப்பு. இன்னும் சில. ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரே செய்தியைத்தான் வெவ்வேறு எழுத்துகளில் அச்சிட்டிருந்தார்கள்: 'இடத்தை மிச்சப்படுத்தும்'. வரவேற்பறையில் இடமில்லாமற் செய்ததும் அவைதான்.

என் மனைவி கதிரையின் ஓரத்தில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு கேட்டார்: "எல்லாம் வடிவாத்தான் இருக்கு, தம்பி. உதுக்குள்ளை ஆர் நிண்டு சமைக்கிறது?"

மருமகன் சிரித்தார். மகள் தொலைபேசியைப் பார்த்தார். நான் பத்திரிகையைப் புரட்டினேன். கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் நழுவுவதில் எங்கள் மூவருக்கும் நல்ல பயிற்சி இருந்தது.

அன்றிரவு மனைவி என்னிடம் சொன்னார்: "இஞ்சருங்கோ, நான் வரேல்லை. நீங்கள் பிள்ளையளோடை போட்டு வாங்கோ. வீட்டிலை நிண்டு சமைக்கிறதை றோட்டிலை நிண்டு சமைக்கிறதுக்கு ஏன் இவ்வளவு காசு?"

சிறிய குசினிக்கு எந்தச் சட்டி நல்லது என்று இன்று பலர் எழுதுகிறார்கள். விலை, கொள்ளளவு, எடை எல்லாம் ஒப்பிடுகிறார்கள். என் மனைவி கேட்ட கேள்வியை எவரும் முதலில் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் வாங்கப்படும் சாமான்களில் பெரும்பாலானவை வீண் என்பது பத்து நாள் அனுபவத்தின் பின் என் முடிவு.

நகரும் குசினி புதிய விடயமல்ல. 1866இல் டெக்சாசின் மாட்டுப்பண்ணைக்காரர் சார்ள்ஸ் குட்நைற், இராணுவம் கழித்துவிட்ட ஒரு வண்டியின் பின்புறத்தில் இழுப்பறைகள் கொண்ட பலகைப் பெட்டி ஒன்றைப் பொருத்தினார். பெட்டியின் மூடியைக் கீழே இறக்கி ஒரு காலை முண்டு கொடுத்தால் அதுவே மேசை. மா, கோப்பி, உப்பு, மருந்து, தையலூசி ஒவ்வொன்றுக்கும் அதில் தனி அறை. மந்தைகளைப் பல நூறு மைல் ஓட்டிச் சென்றவர்களுக்கு அந்த வண்டியே அடுக்களை. அதைச் சுற்றியுள்ள இடம் சமையற்காரனின் ஆட்சிக்கு உட்பட்டது. மாடு மேய்ப்பவனைவிட அவனுக்குச் சம்பளமும் கூட. சமையல் ஒரு வேலை என்பதை அந்த முரட்டு மனிதர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

அரை நூற்றாண்டு கழித்து கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்ட், விஞ்ஞானி தோமஸ் எடிசன், டயர் உற்பத்தியாளர் ஹார்வி ஃபயர்ஸ்ரோன் ஆகியோர் கோடை காலங்களில் ஒன்றாகக் காட்டுக்குப் போய்க் கூடாரமடித்துத் தங்கினார்கள். 1921இல் அமெரிக்க ஜனாதிபதி ஹார்டிங்கும் அவர்களுடன் சேர்ந்துகொண்டார். எளிய வாழ்க்கையை நாடிய அந்தப் பயணங்களில் குசினிக்கென்று தனி லொறியும் சமையலுக்கென்று தனி ஆளும் கூடவே போயின. கோடீசுவரர்கள் விறகு வெட்டும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன.

ஐரோப்பாவில் இன்னொரு கதை நடந்தது. 1926இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெத்தே ஷூட்டே-லிஹொட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக்கலைஞர் ஒரு சிறு குசினியை வடிவமைத்தார். அகலம் 1.9 மீற்றர், நீளம் 3.4 மீற்றர். ரயில் உணவுப் பெட்டியின் குசினியே அவருக்கு முன்மாதிரி. வீட்டுப் பெண்ணின் நேரத்தை மிச்சப்படுத்துவதே அவரின் நோக்கம். அந்நோக்கம் நல்லது. ஏறத்தாழப் பத்தாயிரம் வீடுகளில் அந்தக் குசினி பொருத்தப்பட்டது. ஆனால் அதற்குள் ஒருவர்தான் வசதியாக நிற்க முடியும். அந்த ஒருவர் யார் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பெண்ணைத் தனியே பூட்டி வைக்கும் குசினி என்று அடுத்த தலைமுறைப் பெண்கள் அதைக் குறை கூறியது இதனாலேதான்.

ஆர்.வி. குசினியும் ஒருவர் நிற்கும் குசினிதான். எனவே என் மனைவியின் கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் புறப்பட முடியாது.

இவ்விடத்தில் என்னைப் பற்றிய உண்மை ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்குச் சமைக்கத் தெரியாது என்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். பத்திரிகையில் சேர்ந்த புதிதில் வெள்ளவத்தையில் ஒரு சமறியில் இருந்தேன். ஊரிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள் பலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு அது. மற்றவர்கள் சாப்பாட்டுக் கடைக்குப் போய்வரும் நேரத்தில் நான் ஆசிரிய பீடத்தில் இரவுப் பணியில் இருப்பேன். நான் திரும்பி வரும்போது கடைகள் பூட்டியிருக்கும். ஒரு மண்ணெண்ணெய்க் குக்கர், ஒரு அலுமினியச் சட்டி, ஒரு தாச்சி, ஒரு அகப்பை. இவற்றைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு மூன்று ஆண்டுகள் சமைத்துச் சாப்பிட்டேன். திருமணமான மறுநாள் எல்லாம் மறந்துபோயிற்று. மறந்தது வசதியாக இருந்தது.

மறுநாட் காலை, நானும் மருமகனும் மகளும் முறை வைத்துச் சமைப்பதென்றும், மனைவி அகப்பையைத் தொட வேண்டியதில்லை என்றும் மேசையில் வைத்துச் சொன்னேன். "நீங்களோ?" என்று கேட்டுவிட்டு மனைவி வெகுநேரம் சிரித்தார். பிறகு, "எழுதித் தாங்கோ" என்றார். பத்து நாள்களுக்கும் என்ன சாப்பாடு, யார் சமைப்பது என்று ஒரு தாளில் எழுதினேன்.

அந்தத் தாளை எழுதி முடித்ததும் வரவேற்பறையில் கிடந்த பெட்டிகளில் பாதி தேவையற்றுப் போனது எனக்கே வியப்பாக இருந்தது. என்ன சமைப்பது என்று தெரிந்தால் எதில் சமைப்பது என்று தெரிந்துவிடுகிறது. யார் சமைப்பது என்று தெரிந்தால் எந்தக் கைபிடி வேண்டுமென்றும் தெரிந்துவிடுகிறது. கழற்றிப் பூட்டும் கைபிடியையே எடுத்துக்கொள்ளுங்கள். இளைஞரான மருமகனுக்கு அது சுகமானது. அறுபத்தெட்டு வயதில் மணிக்கட்டு வலியுள்ள ஒருவர், கொதிக்கும் சொதியை ஒற்றைக் கைபிடியின் கொளுவியை நம்பித் தூக்குவது ஆபத்தானது. இருபுறமும் காது வைத்த சட்டியை இரண்டு துணியால் பிடித்துத் தூக்கலாம். இடத்தைக் கொஞ்சம் கூட எடுத்தாலும் அதுவே பாதுகாப்பு.

விமானத்தில் ஒரு பெட்டிக்கு 23 கிலோவே அனுமதி. வாடகை நிறுவனங்கள் பாத்திரத் தொகுதியையும் வாடகைக்குத் தரும். ஆனால் அது முட்டை பொரித்துப் பாண் வாட்டுபவர்களை மனதில் வைத்துச் சேர்த்த தொகுதி. தட்டுகளையும் கோப்பைகளையும் அவர்களிடம் பெற்றுக்கொண்டு சமையற் சாமான்களை நாம் கொண்டு போவதென்று தீர்மானித்தோம்.

முதலாவது, மூன்று லீற்றர் பிறஷர் குக்கர், அதற்குள் அடுக்கும் இரண்டு கிண்ணங்களுடன். இரண்டாவது, 24 சென்ரிமீற்றர் அகலமுள்ள, அடி தட்டையான, காது வைத்த தாச்சி. மருமகனின் ஐந்து சட்டிகளில் 16, 18 சென்ரிமீற்றர்ச் சட்டிகள் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆர்.வி. அடுப்பில் மூன்று சுடர்கள் இருந்தாலும் அவை நெருக்கமாக இருக்கும். ஓர் அகன்ற சட்டி ஏறினால் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும். ஆகவே சட்டிகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் விட்டத்தைப் பார்த்தே வாங்க வேண்டும். கடையில் இதை எவரும் சொல்வதில்லை.

ஐந்தாவது, கழுவும் தொட்டியின் மேல் குறுக்கே வைக்கக்கூடிய அரிபலகை. அதை வைத்தால்தான் மரக்கறி வெட்ட ஓர் இடம் கிடைக்கும். ஒரு கத்தி, ஓர் அகப்பை, ஒரு கரண்டி. கடைசியாக, மனைவி எங்கிருந்தோ எடுத்து வந்த நீற்றுப்பெட்டி. பனையோலையில் இழைத்த அந்தக் கூம்புப் பெட்டிக்கு எடையே இல்லை. சட்டியின் வாயில் இறக்கி வைத்தால் புட்டு அவியும். வேலை முடிந்து காய்ந்த பின் உள்ளே கரண்டிகளையும் துணிகளையும் போட்டு வைக்கலாம்.

சமையற் சாமான் என்று எவரும் எண்ணாத, ஆனால் எல்லாவற்றையும்விட இடத்தை மிச்சப்படுத்திய பொருள் ஒரு போத்தல் யாழ்ப்பாணத்துக் கறித்தூள். மல்லி, மிளகாய், சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு போத்தலாக அடுக்க வேண்டியதை வறுத்து இடித்து ஒரே போத்தலில் அடக்கிவிட்டார்கள். அத்துடன் வறுத்த அரிசிமா, தேங்காய்ப்பால் மா, பருப்பு, அரிசி. சரக்கறை முடிந்தது.

மருமகனுக்காக மடிக்கும் சிலிக்கோன் சட்டியையும் ஒற்றை அடுப்பையும் சேர்த்துக்கொண்டோம். அவர் செலவழித்ததற்கு ஒரு மரியாதை வேண்டாமா?

முதலிரவு பன்ஃபில் தங்கினோம். மகள் தாச்சியில் செத்தல் மிளகாயைப் போட்டதும் கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கியது. பேரப்பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். பக்கத்து வண்டிக்காரர் டோர்ச் விளக்குடன் வந்து உதவி வேண்டுமா என்று விசாரித்தார். தாளிதத்தை வீட்டிலேயே முடித்துப் போத்தலில் கொண்டுவர வேண்டும் என்பது அன்று கற்ற பாடம். கருவியின் மின்கலத்தைக் கழற்றிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதற்கு நான் சம்மதிக்கவில்லை. நீங்களும் சம்மதிக்காதீர்கள். அந்தச் சிறு அறையில் எரிவாயுக் கசிவையும் காபனோரொட்சைட்டையும் புகையையும் அறிவிக்கும் கருவிகளே உயிர்க்காவல். காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சமைக்கும்போது கூரைச் சாளரத்தைத் திறந்து விசிறியைப் போட வேண்டும். குளிருக்கு அடுப்பை எரிய விட்டுப் படுப்பதும், கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவதும் தற்கொலைக்குச் சமம்.

மூன்றாம் நாள் லேக் லூயிஸ். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரம். அன்றைய முறை என்னுடையது. சமறி நினைவில், பிறஷர் குக்கரைத் தொடாமல், திறந்த சட்டியில் துவரம்பருப்பை அடுப்பில் ஏற்றினேன். ஒரு மணித்தியாலம் கழித்தும் பருப்பு பரற்கல்லாகவே கிடந்தது. உயரம் கூடக் காற்றமுக்கம் குறையும். ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் நீரின் கொதிநிலையும் இறங்கும். அங்கே நீர் ஏறத்தாழ 95 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு தீ மூட்டினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. பூட்டிய குக்கருக்குள் அமுக்கம் கூடுவதால் கொதிநிலை 120 பாகை வரை உயரும். 1679இல் டெனி பப்பின் கண்டுபிடித்த அந்தத் தத்துவத்துக்கு நான் தாமதமாக வணக்கம் செலுத்தினேன். பருப்பு பத்து நிமிடத்தில் கரைந்தது. எரிவாயுவும் மிச்சம்.

அதே இரவு சிலிக்கோன் சட்டியில் சொதி வைத்தேன். அதன் அடி உலோகம், சுவர் சிலிக்கோன். தீ நாக்கு அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறினால் சுவர் கருகிவிடும். என் கவனக்குறைவால் அதுதான் நடந்தது. தப்பிய பகுதி மஞ்சள் நிறமாகி, எத்தனை முறை கழுவியும் வெந்தயமும் உள்ளியும் மணத்தது. சிலிக்கோன் மணத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தண்ணீர் கொதிக்க வைப்பவர்களுக்கு அது நல்ல சாமான்தான். மஞ்சளும் தூளும் போட்டுச் சமைப்பவர்களுக்கு ஏற்றதல்ல. மிகுதி நாள்களில் அது தோடம்பழக் கூடையாகப் பயன்பட்டது.

ஒற்றை அடுப்பின் கதை வேறு. வெளியே மேசையில் வைத்துச் சமைப்பதற்காக மருமகன் அதை வாங்கியிருந்தார். எரிவாயுப் பேணியை விமானத்தில் ஏற்ற முடியாதென்பதால் கல்கரியில் வாங்கினோம். அதற்குள் இருப்பது பியூற்றேன். அது பூச்சியப் பாகைக்குச் சற்றுக் கீழேயே திரவமாக நின்றுவிடும். மலையில் செப்டெம்பர் விடியற்காலை அந்தக் குளிரைத் தொட்டது. அடுப்பு மூச்சு வாங்கியது. வண்டியோடு வரும் தாங்கியில் இருப்பது புறொப்பேன். அதற்குப் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகை வரை கவலையில்லை. தேநீர் உள்ளேதான் ஊற்றப்பட்டது.

வெளியே சமைப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அது கரடிகளின் நாடு. உணவோ, கழுவாத சட்டியோ, எண்ணெய்ப் போத்தலோ கவனிப்பாரின்றி வெளியே இருக்கக்கூடாதென்பது பூங்காவின் கண்டிப்பான விதி. லேக் லூயிசில் கூடாரமடிப்பவர்களின் பகுதியைச் சுற்றி மின்வேலியே போட்டிருக்கிறார்கள். எனவே வெளியே எடுத்த ஒவ்வொரு சாமானும் இருட்டுமுன் உள்ளே திரும்ப வேண்டும். சாமான் குறைந்தவர்களே அங்கே நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள்.

கழுவுவது சமைப்பதைவிடக் கடினம். நல்ல தண்ணீர்த் தாங்கிக்கும் கழிவுநீர்த் தாங்கிக்கும் எல்லை உண்டு. கழிவுநீரை அதற்கென்ற நிலையத்தில் மட்டுமே திறந்துவிடலாம். கறி ஒட்டிய சட்டியைக் கடதாசியால் துடைத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு நாள்களில் வண்டி முழுவதும் பழங்கறி நாற்றம் வீசும். ஐந்து சட்டிகள் இருந்தால் ஐந்தும் அழுக்காகும். இரண்டு இருந்தால் ஒன்றைக் கழுவிய பின்பே அடுத்த கறி.

நான்காம் நாள் காலை நான் எழும்பியபோது மனைவி வெளியே மேசையில் மா குழைத்துக்கொண்டிருந்தார். அன்று மருமகனின் முறை. "உங்களை ஆர் சமைக்கச் சொன்னது?" என்று கேட்டேன். "ஒருதரும் சொல்லேல்லை. அதுதான் சமைக்கிறன்" என்றார். மலைக்குப் பின்னால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நீற்றுப்பெட்டியிலிருந்து ஆவி பறந்தது. அன்றைய புட்டுக்கும் சம்பலுக்கும் ஈடாக வேறெதையும் அந்தப் பயணத்தில் நான் சாப்பிடவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் அவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஆற்றங்கரையில் போய் இருந்துவிட்டார். பாத்திரங்களை மருமகனும் நானும் கழுவினோம்.

பாத்திரம் வாங்கும் விடயத்துக்குள் பெண்ணுரிமையை வலிந்து புகுத்துகிறேன் என்று சிலர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பக்கூடும். சமைப்பதில் மகிழ்ச்சி காணும் பெண்கள் இல்லையா என்றும் கேட்பார்கள். இருக்கிறார்கள். என் மனைவியே ஒருவர். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: அந்த மகிழ்ச்சி, மறுக்கவும் உரிமை இருந்தால்தான் மகிழ்ச்சி. நாற்பது ஆண்டுகளாக அந்த உரிமை எங்கள் வீட்டில் இருக்கவில்லை. நான் அதைக் கவனிக்கவுமில்லை. நாங்கள் ஊர் சுற்றப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு, வீட்டில் ஒருவரை அவருடைய அடுப்போடு சேர்த்துக் கட்டி இழுத்துச் செல்வதற்குப் பெயர் விடுமுறை அல்ல. கடையில் விற்கும் எந்த மடிக்கும் சட்டியும் அதை மாற்றாது.

இந்தக் கோடையில் ஆர்.வி. எடுக்க எண்ணியிருப்பவர்களுக்கு என் யோசனை இது. சாமான் வாங்குமுன் ஒரு தாளை எடுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் என்ன சாப்பாடென்று எழுதுங்கள். அதற்கு நேரே யார் சமைப்பது, யார் கழுவுவது என்று பெயரைப் போடுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். பிறகு அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள். கால்வாசிக் காசில் அலுவல் முடிந்துவிடும்.

பிரிக்காத பெட்டிகளை மருமகன் கடையில் திருப்பிக் கொடுத்தார். நாங்கள் எழுதிய தாள் மகளின் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் நெடுநாள் ஒட்டியிருந்தது. அதில் என் பெயர் வரும் ஒவ்வொரு நாளுக்கும் நேரே மனைவி தன் கையெழுத்தில் ஒரே குறிப்பை எழுதி வைத்திருந்தார்: 'உப்பைக் குறைக்கவும்.'